துருவுக்கு மேல் ஓர் எழுத்து

நானா சாக்கைக் கவிழ்க்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். துருத்தூள் கண்ணில் விழாமலிருக்கத்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது, தான் கொட்டுவதைத் தானே பார்க்க விரும்பாத ஒருவரின் செய்கையாகப் பட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில், ரயில் பாதைக்குக் கீழே இருந்த எங்கள் கராஜின் சீமெந்துத் தரையில் இரும்புகள் சரிந்து விழும். போல்ட்டுகள் உருண்டு மேசைக்கடியில் ஓடும். அவர் குந்தியிருந்து உள்ளங்கையால் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, எழுந்து பின்னால் போய்ச் சுவரோடு நின்றுகொள்வார். “பாருங்க தங்கச்சி” என்பதற்கு மேல் பேச்சு இருக்காது. மற்ற வியாபாரிகள் ஒவ்வொரு உதிரியையும் தூக்கிக் காட்டி, இது அசல், இது எங்கேயும் கிடைக்காது என்று சத்தியம் செய்வார்கள். அவர்களுடைய பொய்யை எனக்கு இலகுவாகக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒன்றுமே சொல்லாத வியாபாரியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவர் மடவளை என்ற ஊரைச் சேர்ந்த முஸ்லிம். அறுபதை நெருங்கியிருந்தார். தமிழர், சிங்களவர் என்று கராஜில் எல்லோருமே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள். தோட்டத்து பங்களாக்களின் பின்பக்கக் கொட்டகைகள், மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகள், பழைய இரும்புக் கடைகள் என்று அலைந்து, யுத்தகால ஜீப்புகளின் உதிரிகளைத் தேடி எடுத்து வருவது அவருடைய தொழில். உலக யுத்தத்தின்போது கண்டியைச் சுற்றிப் பெரிய இராணுவ முகாம்கள் இருந்தன. யுத்தம் முடிந்து படைகள் கப்பலேறியபோது, வண்டிகள் இங்கேயே தங்கிவிட்டன. தோட்டத் துரைமார் வாங்கினார்கள், பிறகு கடைக்காரர்கள் வாங்கினார்கள், பிறகு விறகு ஏற்றுகிறவர்கள் வாங்கினார்கள். ஒவ்வொருவரும் உடைந்ததைக் கழற்றிக் கையில் கிடைத்ததை மாட்டினார்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு எங்களிடம் வந்து சேரும் ஒரு ஜீப், உண்மையில் நாலைந்து ஜீப்புகளின் மிச்சம். எது எங்கிருந்து வந்தது, எது அந்தக் காலத்தது, எது பின்னால் இந்தியாவில் செய்தது என்று பிரித்துச் சொல்வது என்னுடைய வேலை.

அந்த வேலைக்கென்று நான் படிக்கவில்லை. மடுல்கெல்லையில் பிறந்து, கண்டியில் கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில் படித்து, வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். கராஜின் சொந்தக்காரரை ஐயா என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே வீடு கட்டித் தங்கிவிட்ட பொறியியலாளர். ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கராஜைத் தொடங்கியிருந்தார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு எழுதுவதற்காக உதிரிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, எனக்குக் கண் பழகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால், ஒரு இரும்புத்துண்டு தன்னைப் பற்றி நிறையவே சொல்லும். நாளடைவில் ஐயா கடிதம் எழுதுவதற்கு வேறு ஆளை வைத்துக்கொண்டு, என்னை உதிரிகளின் மேசைக்கே அனுப்பிவிட்டார்.

அந்த ஜீப்பை யுத்தகாலத்தில் இரண்டு கம்பெனிகள் ஒரே வரைபடத்தைப் பார்த்துச் செய்தன. அவற்றில் ஒன்று, தன் பெயரின் முதலெழுத்தான ‘எஃப்’ என்பதைப் போல்ட்டின் தலையிலிருந்து பிரேக் பெடல் வரைக்கும் பதித்து அனுப்பியது. மற்றது அப்படிச் செய்யவில்லை. அதனால் ஒரு ஜீப் எந்தக் கம்பெனியில் பிறந்தது என்று தெரிந்துவிட்டால், அதில் பூட்டியிருக்கும் ஒவ்வொன்றிலும் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்க்கலாம். சேகரிப்பாளர்களுக்கு அந்த எழுத்தின் மேல் ஒரு பைத்தியம். அவர்களுக்குப் பைத்தியம் இருக்கும் இடத்தில் போலிகளும் இருக்கும். போலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பழைய எழுத்துக்குள் துரு இறங்கியிருக்கும். இரும்பின் மேற்பரப்பில் இருக்கும் அதே குழிகள் எழுத்தின் ஓரத்தையும் தின்றிருக்கும். போலியில் எழுத்து, துருவின் குழிகளை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். முதலில் துரு, அதற்கு மேல் எழுத்து.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் நிம்மதி போய்விட்டது. கடையில் வெண்கல விளக்கு வாங்கினால் அடியைத் திருப்பிப் பார்த்தேன். என் கணவர் கண்டிச் சந்தையில் வாங்கிவந்த பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து, உள்ளே இருப்பது வேறு கடிகாரம் என்று சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுத்தேன். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியார் பாத்திரத்தை உயர்த்தும்போது, அதன் அடியில் என்ன முத்திரை இருக்கும் என்று மனம் போகும். ஐயா இதைக் கேட்டுச் சிரிப்பார். “அப்பிடித்தான் இருக்க வேணும் பிள்ளை. ஒருத்தரையும் நம்பாதையுங்கோ. குறிப்பா மடவளையாலை வாற ஆளை நம்பாதையுங்கோ” என்பார். அவர் அதை விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

கொழும்பிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் ஜீப் வந்தது. சேஸிசின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு கம்பெனி அதை உருளைக் குழாயாகச் செய்தது, எழுத்துப் பதித்த கம்பெனி பெட்டி வடிவில் மடித்துச் செய்தது. இது பெட்டி வடிவம். வாடிக்கையாளருக்கு மிகுந்த மகிழ்ச்சி. அப்படியானால் வண்டி முழுவதும் அந்த எழுத்தோடுதான் இருக்கவேண்டும், ஒன்றுகூடக் குறையக்கூடாது என்று கேட்டார். ஐயா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஐயாவுக்கும் தெரியும்.

நானா மாதக்கணக்கில் அலைந்தார். ரங்கலை, புசல்லாவை, தெல்தோட்டை என்று எங்கெங்கோ போய்வந்தார். சாக்குகள் வந்தன. எழுத்து உள்ளவை சில, இல்லாதவை பல. நான் பார்த்துத் தேறியவற்றை ஐயாவின் அறைக்குப் பக்கத்தில் இருந்த இரும்புத் தட்டில் அடுக்குவேன். அங்கிருந்து அவை ஜீப்புக்குப் போகும். ஒரு நாள் அந்தத் தட்டில் ஹெட்லைட் தாங்கி ஒன்றைக் கண்டேன். எழுத்து இருந்தது, ஆனால் கூர்மையாக, நேற்றுப் பிறந்ததுபோல் இருந்தது. அதை என் மேசையில் பார்த்ததாக நினைவில்லை.

“இது எங்க இருந்து வந்துச்சுங்க ஐயா?”

“நானான்ரை சாக்கிலைதான்” என்றார். “ஏன் பிள்ளை?”

“எழுத்து புதுசு மாதிரி இருக்குங்க.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு அதை வாங்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “நான் சொன்னனான் எல்லே” என்றார். அவ்வளவுதான். தாங்கி அடுத்த நாள் ஜீப்பில் ஏறிவிட்டது. இன்னும் சில உதிரிகளும் அப்படி வந்தன. ஒவ்வொரு முறையும் நான் சொன்னேன், ஒவ்வொரு முறையும் அவர் தலையை ஆட்டினார், ஒவ்வொரு முறையும் அவை பூட்டப்பட்டன. அதற்குப் பிறகு நானா சாக்கைக் கவிழ்க்கும்போது நான் உதிரிகளைப் பார்ப்பதை விட்டு அவர் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். நகங்களில் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. வலக்கைப் பெருவிரலில் ஒரு காயம் இருந்தது. சுத்தியல் பட்ட காயமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப் கிட்டத்தட்ட முடிந்த நிலையில், வாடிக்கையாளர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். அவரும் இதே கம்பெனி ஜீப் ஒன்றைச் சொந்தமாகத் திருத்தி வைத்திருப்பவர். நீண்ட நேரம் டோர்ச்சோடு வண்டிக்கடியில் கிடந்தார். வெளியே வந்து, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, வாடிக்கையாளரைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினார். வாடிக்கையாளர் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த மரியாதை போயிருந்தது. பல உதிரிகளில் எழுத்து அண்மையில் அடிக்கப்பட்டது என்றார். வண்டி திருத்தும் எங்களுடைய பாஸ்மாரெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஐயா ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை. “இதெல்லாம் மடவளையாலை வந்த சாமான்” என்றார். “நான் ஏமாந்திட்டன். எல்லாத்தையும் மாத்தித் தாறன்.”

மறுநாள் காலை நானா வழக்கம்போல வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தோளில் ஒரு சாக்கு, கையில் வீட்டு மரத்து ரம்புட்டான் ஒரு பை. அது பாஸ்மாருக்கு. ஐயா கராஜ் கேட்டருகிலேயே அவரை மறித்தார். உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாக, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம், எழுத்து அடித்துக் கொடுக்கிற வேலையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாம் என்றார். நானா சாக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எந்தச் சாமான் ஐயா? எனக்குக் காட்டுங்க. எண்டதா எண்டு பாக்குறேன்.”

“காட்டுறதுக்கு ஒண்டும் இல்லை.”

“காட்டாம எப்பிடி ஐயா எனக்குத் தெரியும்?”

நானா ஐயாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். “தங்கச்சி, நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேங்க நானா” என்றேன். “எழுத்து புதுசுதாங்க.”

அது உண்மை. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நானா தலையசைத்தார், சாக்கைத் தூக்கினார், ரம்புட்டான் பையைக் கேட்டின் கம்பியில் கொழுவிவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கிப் போனார். அன்று முழுவதும் அந்தப் பையை யாரும் எடுக்கவில்லை.

கண்டியில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். பேராதனையில், கட்டுகஸ்தோட்டையில், கம்பளையில் என்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த வாரத்திலேயே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. நானாவிடம் யாரும் வாங்கவில்லை. முன்பு வாங்கியவர்கள்கூடத் தங்கள் வண்டிகளுக்கடியில் படுத்து எழுத்துகளைத் தேய்த்துப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு மனதில் தைத்தது நானாவின் கேள்விதான். காட்டாமல் எப்படித் தெரியும். ஏமாற்றப்பட்டவர், ஏமாற்றியவனின் முகத்துக்கு முன்னால் அந்தப் பொருளை நீட்டத்தானே செய்வார். ஐயா ஏன் நீட்டவில்லை. நான் சந்தேகப்படப் பழகியிருந்தவள். இத்தனை காலமும் அந்தச் சந்தேகம் மடவளைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அது தலையைத் திருப்பியது.

கழற்றிய உதிரிகளை வெல்டிங் பாஸ் ஒரு மூலையில் போட்டிருந்தார். ஐயா வங்கிக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் அவற்றை என் மேசைக்கு எடுத்து வந்தேன். முதலில் கவனித்தது, எல்லா எழுத்துகளும் ஒரே அச்சு என்பது. அதில் வியப்பில்லை. எழுத்து அச்சுகள் பெட்டியாக இரும்புக் கடையில் கிடைக்கும். ஆனால் பூதக்கண்ணாடியின் கீழ், ‘எஃப்’ எழுத்தின் காலடியில், வலது பக்கத்தில், ஒரு சிறு துண்டு உடைந்திருந்தது தெரிந்தது. எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே உடைவு. அந்த உடைவை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம் வந்தது. எங்கே என்று தெரியவில்லை.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது. எங்கள் கராஜில் ஸ்பிரிங் தகடுகளைக் கழற்றும்போது, மாறிப்போகாமலிருக்க முன்பக்கத்துக்கு ‘எஃப்’ என்றும் பின்பக்கத்துக்கு ‘ஆர்’ என்றும் அடிப்போம். எழுந்து போய், திருத்தத்துக்காகக் கழற்றி வைத்திருந்த ஒரு தகட்டைத் தேய்த்துப் பார்த்தேன். காலடியில், வலது பக்கத்தில், அதே உடைவு. அந்த அச்சுப் பெட்டி ஐயாவின் அறை அலுமாரியில் இருந்தது. பாஸ்மாருக்குத் தேவையென்றால் அவரிடம் கேட்டு வாங்கி, அவரிடமே திருப்பிக் கொடுப்பார்கள்.

அப்போதும் நான் உடனே ஐயாவை நினைக்கவில்லை. வெல்டிங் பாஸை நினைத்தேன். பெயின்ட் அடிக்கிறவரை நினைத்தேன். சில நாட்கள் யார் எதைக் கையில் எடுக்கிறார்கள், யார் நான் வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன். எல்லோருமே நிறுத்தினார்கள். நான் அப்படிப் பார்த்தால் யார்தான் பேசுவார்கள். கடைசியில் அந்த நச்சரிப்பைத் தாங்க முடியாமல், ஸ்பிரிங் தகட்டையும் ஹெட்லைட் தாங்கியையும் எடுத்துக்கொண்டு போய் ஐயாவின் மேசையில் அடுத்தடுத்து வைத்தேன். பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைத் தொடவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். கதிரையில் சாய்ந்து, மேலே ரயில் ஒன்று போய் முடியும் வரைக்கும் காத்திருந்தார்.

“இதுகள் யுத்தகாலச் சாமான்தான் பிள்ளை” என்றார். “மற்றக் கொம்பனி செய்தது. இரும்பு அதே இரும்பு, ஆண்டு அதே ஆண்டு. ஒரு எழுத்துத்தானே இல்லை.”

“அப்ப நானா?”

“அவனுக்கென்ன, இது போனா பழைய இரும்பு விப்பான்.”

“அவரு கேட்டப்ப ஏங்க ஐயா காட்டல?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். நிறையப் படித்த, கண்ணியமான மனிதர். மனைவி இறந்த பிறகு அந்த ஜீப்புகள்தான் அவருக்கு வீடு. கொடுத்த வாக்குத் தவறிவிடும் என்ற பயத்தில் முதல் எழுத்தை அடித்திருப்பார். மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தில் நானாவின் பெயரைச் சொல்லியிருப்பார். இதெல்லாம் எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை.

“வண்டி போகட்டும். பிறகு நானே போய்ச் சொல்லுறன்” என்றார்.

மாற்று உதிரிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பூட்டினார்கள். ஜீப் போனது. ஐயா மடவளைக்குப் போகவில்லை. நான் கேட்டேன். மழை என்றார், பிறகு கால்வலி என்றார், பிறகு நான் கேட்பதையே கேளாதவர்போல் இருந்தார். நானே வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “இதை எனக்குச் சொல்லச் சொன்னது யார்?” என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். “உங்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?” என்றார். அந்த மாத முடிவில் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

அதன் பிறகுதான் மடவளைக்குப் போனேன். பள்ளிவாசலைத் தாண்டி, ஒரு சந்துக்குள் அவர் வீடு. நானா வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னார், கதிரை காட்டினார், தேத்தண்ணியும் வந்தது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் உடைந்த எழுத்தைப் பற்றியும், அச்சுப் பெட்டியைப் பற்றியும், ஐயா சொன்னதைப் பற்றியும் சொல்லி முடித்தேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“ஐயா அனுப்பினாரா ஒங்கள?”

“இல்லைங்க நானா. நான் அங்க இப்ப இல்லைங்க. வேலைய விட்டுட்டேன்.”

“அப்ப வேல இல்ல.” அவர் மெதுவாகச் சொன்னார். “தனிய இந்த யாவாரத்தச் செய்யப் போறீங்க. அதுக்கு சாமான் வேணும். எண்டகிட்ட ஈக்கி.”

என்னிடம் ஒரு நிரூபணமும் இல்லை. உதிரிகளைக் கராஜிலேயே விட்டு வந்திருந்தேன். நான் சொன்னது எல்லாம் உண்மை, ஆனால் உண்மை சொல்கிறவளாக இருக்கும் தகுதியை அவர் முன்னால் நான் எப்போதோ இழந்திருந்தேன். அவருடைய உதிரிகளை விட்டு அவர் கைகளைப் பார்த்தேனே, அது அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்குப் பின்னால் உதிரிகள் வைக்கும் ஸ்டோரின் கதவு பூட்டியிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

வருடங்கள் போயின. நான் கட்டுகஸ்தோட்டையில் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறேன். சேகரிப்பாளர்கள் படம் அனுப்புவார்கள், சிலர் உதிரியையே அனுப்புவார்கள். எது என்ன என்று சொல்வேன். ஐயாவின் கராஜில் இப்போது சாதாரண வான்கள் திருத்துகிறார்கள். ஒரு தடவை பேராதனை ஆஸ்பத்திரியில் அவரைக் கண்டேன். “சுகமா இருக்கிறியளா பிள்ளை?” என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். எனக்குப் பின்னால் யாரையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். நானாவின் மகள். வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், ஸ்டோரைக் கொடுத்துவிடப் போகிறோம், வாங்குகிறவர் எல்லாவற்றையும் ஒருவர் பார்த்து உறுதி சொல்லவேண்டும் என்கிறார் என்றாள். “வேற யாராச்சும் ஈக்காங்களா எண்டு கேட்டோம். வாப்பா ஒங்களத்தான் கூப்பிடச் சென்னாங்க.”

போனேன். ஸ்டோரின் கதவு திறந்திருந்தது. அதன் நிலைப்படிக்கருகில் கதிரையைப் போட்டு, ஒற்றைக் காலை முக்காலியில் வைத்து நானா உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். பழைய விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, யுத்தகாலத்தது, பின்னாளையது, தெரியாதது என்று பிரித்தேன். மகள் அட்டையில் எழுதிக் கம்பியால் கட்டினாள். நானா என் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பின்சுவர்ப் பலகையில், துணியில் சுற்றியபடி, ஒரு ஸ்பிரிங் வளையம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அதில் ‘எஃப்’ இருந்தது. துருவின் குழிகளை வெட்டிக்கொண்டு, துருவுக்கு மேல் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“அது நான் அடிச்சது” என்றார் நானா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அண்டைக்கு ஐயா அப்பிடிச் சென்ன பொறகு, கடையில அச்சு வாங்கிட்டு வந்து அடிச்சுப் பாத்தேன். எனக்கு ஏலுமா எண்டு.” வளையத்தைக் கண்ணால் காட்டினார். “எப்பிடி ஈக்கி?”

வளையத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். எழுத்து கோணலாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடிகளின் கோடுகள் தெரிந்தன. “மோசம் நானா” என்றேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மகளும் சிரித்தாள். ஆனால் என்னால் அதோடு விட முடியவில்லை. ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கலாம். அதை எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றபோது அவரே சொன்னார், “எல்லாத்தையும் திரும்பப் பாருங்க தங்கச்சி. எண்ட மொகத்துக்காக விட வாணாம்.” நான் திரும்பவும் முதலிலிருந்து, எழுத்து உள்ள ஒவ்வொன்றையும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். பள்ளிவாசலில் பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவரைக் கதிரையோடு நிழலுக்கு நகர்த்தினோம். வேறு ஒன்றும் இல்லை. அத்தனையும் துரு இறங்கிய எழுத்துகள்.

“ஐயா ஒரு நாள் வந்தாரு” என்றார் திடீரென்று. “வெளிய வான்ல ஈந்தாரு. எறங்கல்ல. கொஞ்ச நேரத்தால போய்ட்டாரு. என்னத்துக்கு வந்தாரோ.”

நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்றேன்.

அந்த வளையத்தைக் குப்பையில் போட மகள் எடுத்தாள். நானா கையை நீட்டித் தடுத்தார். அதுவும் மற்றச் சாமானோடு போகவேண்டும் என்றார். வாங்குகிறவர் என்ன நினைப்பார் என்று மகள் கேட்டாள். “போலி எண்டு எழுதுங்க. நான் செஞ்சது எண்டும் எழுதுங்க, எண்ட பேரப் போட்டு. நான் அடிச்சா இப்பிடித்தான் ஈக்கும் எண்டு எல்லாரும் பாக்கட்டும்.” அந்த அட்டையை நானே எழுதினேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். அவர் வாங்கி இரண்டையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில் அந்தப் பழைய நோய் என்னைப் பிடித்துக்கொண்டது. தனக்கு இது வராது என்று காட்ட, வேண்டுமென்றே மோசமாக அடித்திருந்தால்? என்றாவது ஒரு நாள் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று, துணியில் சுற்றி வைத்திருந்தால்? கைப்பையில் இருந்த தொலைபேசியை எடுத்து, ஸ்டோரில் நான் பிடித்திருந்த வளையத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் அடி இடப்பக்கம் சரிந்திருந்தது. இரண்டாவது அதைத் திருத்தப்போய் வலப்பக்கம் சரிந்திருந்தது. மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில், நேராக நிற்கப் பார்த்திருந்தது. வேண்டுமென்றே கோணலாக அடிக்கிறவனுக்கு ஒரு அடி போதும்.